கூலர் மாஸ்டர் என்ஆர்200பி: சின்ன கேபினட்டில் கேமிங் பிசி கட்ட எது பொருந்தும், எது பொருந்தாது

சின்ன கேமிங் பிசிக்குப் பாகம் வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டில் ஆரம்பித்து, பிராசஸர், மதர்போர்டு என்று வந்து, கடைசியில் மிச்சப் பணத்துக்கு ஒரு கேபினட் எடுக்கிறார்கள். பெரிய டவரில் இந்த வரிசை சரிப்பட்டுவரும். 20 லிட்டருக்குக் கீழே இறங்கினால் வராது. கூலர் எவ்வளவு உயரம் இருக்கலாம், கார்டு எவ்வளவு தடிமன் இருக்கலாம், எந்த அளவு எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) என்பதையெல்லாம் அங்கே கேபினட்தான் தீர்மானிக்கும். ஆகவே முதலில் கேபினட், பிறகு மற்றவை. முதல்முறையாகச் சின்ன பிசி கட்டுகிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் கேபினட் கூலர் மாஸ்டர் என்ஆர்200பி. வந்தது 2020-இல். அதற்குப் பிறகு எத்தனையோ புதிய கேபினட்டுகள் வந்தும், வெயில் ஊரில் இருப்பவர்களுக்கு இதையே முன்வைக்கக் காரணம் உண்டு.

முதலில் அளவுகள். கொள்ளளவு 18.25 லிட்டர். மினி ஐடிஎக்ஸ், மினி டிடிஎக்ஸ் என்ற சின்ன அளவு மதர்போர்டுகள் மட்டும் பொருந்தும். எஸ்எம்பிஎஸ், எஸ்எஃப்எக்ஸ் அல்லது எஸ்எஃப்எக்ஸ்-எல் என்ற சின்ன அளவில் இருக்க வேண்டும். சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் உள்ளே போகாது. கிராபிக்ஸ் கார்டு 330 மி.மீ. நீளம், 156 மி.மீ. உயரம், 60 மி.மீ. தடிமன் வரை. பிராசஸர் கூலர் 155 மி.மீ. உயரம் வரை. கடைக்குப் போகும்போது இந்த எண்கள் கையில் இருக்கட்டும். இதே பெயரில் வி2 என்று அடுத்த பதிப்பும் விற்கிறது. அதன் அளவுகள் வேறு. இங்கே சொல்வதெல்லாம் முதல் பதிப்புக்கு.

சின்ன கேபினட்டுகளில் 18 லிட்டர் என்பது பெரிய பக்கம்தான். 10 லிட்டரில் வரும் சாண்ட்விச் வகை (போர்டும் கார்டும் முதுகோடு முதுகாக நிற்கும்) கேபினட்டுகள் மேசையில் இன்னும் அழகாக உட்காரும். ஆனால் அவற்றில் கூலருக்கு 50 முதல் 70 மி.மீ. உயரம்தான் கிடைக்கும். வெளிநாட்டு விமர்சனங்கள் 21, 22 டிகிரி அறையில் சோதித்து எழுதப்படுபவை. சித்திரை வெயிலில் ஏசி இல்லாத சென்னை அறை 34 டிகிரிக்குக் குறையாது. அந்த விமர்சனம் காட்டும் வெப்பநிலையோடு 12 டிகிரியைக் கூட்டித்தான் படிக்க வேண்டும். அங்கே 78 டிகிரியில் நின்ற பிராசஸர் இங்கே 90-ஐத் தொடும். என்ஆர்200பி முழு அளவு டவர் கூலரை (நிமிர்ந்து நிற்கும் உயரமான காற்றுக் கூலர்) ஏற்பதால் இந்தக் கூடுதல் சூட்டைத் தாங்கும் தெம்பு அதற்கு இருக்கிறது. இன்னொரு வசதி: மேல், பக்கவாட்டு, முன் பலகைகள் எல்லாமே கழன்று வெறும் சட்டம் மட்டும் நிற்கும். எந்தப் பக்கத்திலிருந்தும் கை விட்டு வேலை செய்யலாம். புதிதாகக் கட்டுகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

குறையும் உண்டு. முன்பக்கத்தில் இரண்டு யுஎஸ்பி ஏ போர்ட்டும் ஒரு 3.5 மி.மீ. ஆடியோ ஜாக்கும்தான். யுஎஸ்பி சி கிடையாது. இன்றைக்கு இது நிஜமாகவே உறுத்தும்.

'பி' என்ற எழுத்துக்காகக் கூடக் கொடுக்கும் பணத்தில் கிடைப்பது ஒரு கண்ணாடிப் பலகை, கார்டை நிமிர்த்தி வைக்க ஒரு ரைசர் கேபிள் (கார்டைப் போர்டோடு இணைக்கும் நீட்டிப்பு). கேபினட்டோடு வரும் ஃபேன் இரண்டும் உபயோகமானவை: மேலே 120 மி.மீ., பின்னால் 92 மி.மீ. கண்ணாடியை அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். துளையுள்ள இரும்புப் பலகையும் கூடவே வருகிறது, அதை மாட்டுங்கள். கண்ணாடி மாட்டினால் பக்கவாட்டில் காற்று வரும் வழி அடைபடும். கார்டை நிமிர்த்தி வைத்தால் நிலைமை இன்னும் மோசம், கார்டின் ஃபேன்கள் கண்ணாடியை ஒட்டி நின்று காற்றில்லாமல் திணறும், பெரிய டவர் கூலரோடு கார்டு மோதவும் வாய்ப்புண்டு. அந்த ரைசர் பிசிஐஇ (கார்டும் போர்டும் பேசும் இணைப்பு) 3.0 தலைமுறை. இன்றைய கார்டும் போர்டும் 4.0 அல்லது 5.0 வேகத்தில் பேச முயலும்போது திரை கறுத்துப்போவது, விளையாட்டு நடுவில் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆவது எல்லாம் நடக்கும். கார்டு பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் அதிகம். ரைசர் மாட்டியே ஆக வேண்டுமென்றால், முதலில் கார்டை நேரடியாக ஸ்லாட்டில் போட்டு பயாஸுக்குள் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) போய், அந்த ஸ்லாட்டின் வேகத்தை ஜென் 3 (3.0 தலைமுறை) என்று நிறுத்திவிட்டு, பிறகு ரைசருக்கு மாற்ற வேண்டும். பி இல்லாத சாதா என்ஆர்200 கிடைத்தால், அதை வாங்கி மிச்சப் பணத்தை எஸ்எம்பிஎஸ்ஸில் போடுவதே புத்திசாலித்தனம்.

எஸ்எம்பிஎஸ்: இங்கே கை சுருக்காதீர்கள்

எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸின் அளவு 125 x 63.5 x 100 மி.மீ. எஸ்எஃப்எக்ஸ்-எல் 30 மி.மீ. நீளம் கூட. இவ்வளவு சின்ன உடம்பில் 750 வாட் எடுக்க வேண்டும் என்றால் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளும் மின்மாற்றியும் தரமானவையாக இருந்தே தீர வேண்டும். அதனால்தான் இதில் மலிவுச் சரக்கு ஆபத்து. பெயர் தெரியாத 600 வாட் எஸ்எஃப்எக்ஸ் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கும். கார்டு ஒரு கணம் எகிறி மின்சாரம் இழுக்கும்போது அது அணைந்துவிடும்.

அந்த எகிறல்தான் இங்கே முக்கியம். 250 வாட் என்று எழுதியிருக்கும் கார்டு எப்போதும் 250-இல் நிற்பதில்லை. மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்துக்கு அதைவிட வெகு மேலே போய் இறங்கும். சராசரியாகப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஆனாலும் பிசி திடீரென்று அணையும். ஏடிஎக்ஸ் 3.0 தரம் வந்தது இதற்காகத்தான். அந்தத் தரத்தில் வரும் எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல இரண்டு மடங்கு சுமையை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்க வேண்டும். எனவே பெட்டியில் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 80 பிளஸ் கோல்டு, பிளாட்டினம் என்பதெல்லாம் மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். இந்த எகிறலைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கோர்சேர் எஸ்எஃப்750-இன் 2024 பதிப்பு ஏடிஎக்ஸ் 3.1 தரம், கார்டுக்கான புதிய 16 பின் கேபிளோடு வருகிறது. அதே பெயரில் உள்ள பழைய பதிப்பும் நல்ல சரக்குதான், ஆனால் அந்தக் கேபிள் இருக்காது. கடையில் இரண்டும் கலந்து கிடப்பதால் பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். கூலர் மாஸ்டரின் வி எஸ்எஃப்எக்ஸ் கோல்டு வரிசையும் நம்பி வாங்கக்கூடியது. 10 வருட வாரண்டி. பழைய எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மாடுலர் (கழற்றி மாட்டும் வகை) கேபிளை எடுத்துப் புதியதில் செருகுவது மட்டும் கூடவே கூடாது. செருகும் முனை ஒரே மாதிரி இருக்கும், உள்ளே பின் வரிசை மாறியிருக்கும். எஸ்எஸ்டி, போர்டு எல்லாம் ஒரு நொடியில் கருகிப்போகும்.

கூலரும் ரேமும்: 155 மி.மீட்டருக்குள் நடக்கும் சண்டை

இந்த கேபினட்டில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ கூலரின் உயரம் சரியாக 155 மி.மீ. விலைக்கு இதைப்போல் குளிர்விக்கும் காற்றுக் கூலர் குறைவு. எஸ்இ என்ற எழுத்தில்லாத பியர்லெஸ் அசாசின் 120 என்பது 157 மி.மீ. அந்த 2 மி.மீட்டருக்காகப் பக்கப் பலகை மூடாது. நாக்துவாவின் என்எச்-யு12ஏ 158 மி.மீ.; அதுவும் ஆகாது. ஆர்டர் போடும்போது பெயரின் கடைசி எழுத்து வரை படியுங்கள்.

சரியான கூலரை வாங்கியும் மூடாமல் போவதுண்டு. காரணம் ரேம். ஐடிஎக்ஸ் போர்டு 17 செ.மீ. சதுரம். பிராசஸர் சாக்கெட்டுக்கும் ரேம் ஸ்லாட்டுக்கும் நடுவே இடமே இல்லை. இரட்டைக் கோபுரக் கூலரின் முன் ஃபேன் நேராக ரேமின் தலைக்கு மேலே வந்து நிற்கும். ரேம் 44 மி.மீ. உயர ஆர்ஜிபி (வண்ண விளக்குள்ள) வகை என்றால், ஃபேனை கிளிப்பில் மேலே தூக்கி மாட்ட வேண்டியிருக்கும். தூக்கிய உடனே மொத்த உயரம் 155-ஐத் தாண்டிவிடும். அதனால் ரேம் 35 மி.மீட்டருக்கு மேல் போகக் கூடாது: கோர்சேர் வெஞ்சன்ஸின் விளக்கில்லாத டிடிஆர்5, கிங்ஸ்டன் ஃப்யூரி பீஸ்டின் விளக்கில்லாத வகை, ஜி.ஸ்கில் ஃபிளேர் எக்ஸ்5 மூன்றும் இந்த அளவுக்குள் வரும். துளைப் பலகைக்குள்ளே ரேமில் விளக்கு எரிந்து யாருக்குத் தெரியப்போகிறது?

இந்த இழுபறியே வேண்டாம் என்றால் பியர்லெஸ் அசாசின் 120 மினி எடுங்கள். 135 மி.மீ. உயரம்தான். கொஞ்சம் குளிர்ச்சி குறையும், பதிலுக்குப் பலகை நிம்மதியாக மூடும். 240 மி.மீ. நீர்க் கூலரைப் பக்கவாட்டு பிராக்கெட்டில் மாட்ட இடம் இருக்கிறது. ஆனால் கீழே சொல்லும் பிராசஸர்களுக்கு அது தேவையில்லாத செலவு. பம்ப் என்ற கெட்டுப்போகக்கூடிய பாகம் ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான்.

ரேமைப் பற்றி இன்னொன்று. ஸ்லாட் இரண்டே இரண்டு. "இப்போதைக்கு 16 ஜிபி, பிறகு சேர்த்துக்கொள்ளலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது. 16 ஜிபி குச்சி இரண்டு, மொத்தம் 32 ஜிபி; 6000 வேகம், சிஎல்30 (தாமத அளவு), பெட்டியில் எக்ஸ்போ (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் ஏஎம்டி அமைப்பு) முத்திரை. ஏஎம்5-க்கு (கீழே சொல்லும் ரைசன் பிராசஸர்களின் சாக்கெட்) இதுதான் சரியான புள்ளி. அதற்கு மேல் வேகத்துக்குக் கொடுக்கும் காசுக்கு விளையாட்டில் பலன் தெரியாது.

பிராசஸர்

இந்த அளவு கேபினட்டுக்கென்றே செய்ததுபோல் இருப்பது ரைசன் 7 7800எக்ஸ்3டி. 2023 ஏப்ரலில் வந்தது. பெட்டியில் 120 வாட் என்று இருந்தாலும் விளையாடும்போது 50 முதல் 80 வாட்டுக்குள் ஓடும். 96 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) தான் அதன் பலம். வேகத்தை மெகாஹெர்ட்ஸில் துரத்தாததால் சூடும் குறைவு. 9800எக்ஸ்3டி அதைவிட வேகமானது, ஆனால் கூடுதலாக மின்சாரம் இழுக்கும். பட்ஜெட் இறுக்கம் என்றால் ரைசன் 5 7600. 65 வாட் வகை, எக்ஸ் எழுத்து இல்லாதது. கூடவே வரும் சின்னக் கூலரும் வேலை செய்யும், சத்தம் மட்டும் கேட்கும். 7600எக்ஸ் இதே 6 கோர்தான், ஒரு சில சதவீத வேகத்துக்காக 142 வாட் வரை எரிக்கும். இந்த கேபினட்டில் அது வேண்டாம்.

முழுச் சுமையில் 253 வாட் வரை இழுக்கும் இன்டெல் ஐ9 14900கே போன்றவற்றை இதற்குள் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். வெயில் ஊரில் அது வேண்டாத வேலை.

கிராபிக்ஸ் கார்டு

330 மி.மீ. நீளம் என்பதைப் பார்த்துப் பெரிய மூன்று ஃபேன் கார்டை வாங்கிவிடாதீர்கள். நீளத்தை விட உயரமும் தடிமனும்தான் மாட்டிவிடும். மூன்று ஸ்லாட் (கார்டு அடைக்கும் பின்பக்கத் திறப்பு) தடிமன் உள்ள கார்டு கீழ்த் தரையை நெருங்கி நிற்கும். பலகைப் பக்கம் மின் கேபிள் வெளியே வந்து மடங்கவும் இடம் வேண்டும். 16 பின் கேபிளை முனையிலிருந்து 35 மி.மீட்டருக்குள் மடக்கக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. மடக்கினால் சில பின்கள் தளர்ந்து, மீதிப் பின்கள் வழியாக அதிக மின்சாரம் ஓடி, பிளாஸ்டிக் உருகும். 450 வாட் கார்டுகளில் இது நடந்து ஊரெல்லாம் பேசப்பட்டது. கேபிளை இரு பக்கமும் சரியாக அழுத்திச் செருகி, இடைவெளி ஒரு கோடுகூடத் தெரியவில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே பலகையை மூடுங்கள்.

தேர்வைச் சுலபமாக்க ஒரு வழி: என்விடியா 2024-இல் எஸ்எஃப்எஃப் ரெடி என்று ஓர் அளவுத் தரம் அறிவித்தது. நீளம் 304, கேபிள் மடங்கும் இடத்தையும் சேர்த்து உயரம் 151, தடிமன் 50 மி.மீ. இந்த மூன்றும் என்ஆர்200பி-யின் எல்லைக்குள் வருகின்றன. அந்த முத்திரை உள்ள கார்டு என்றால் டேப் எடுத்து அளக்க வேண்டாம்.

வாட் கணக்கு: ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 180, ஆர்எக்ஸ் 9070 220, ஆர்டிஎக்ஸ் 5070 250, 5070 டிஐ 300, ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 304. ஏசி இல்லாத அறைக்கு எங்கள் கோடு 250 வாட். அதற்கு மேல் போகும் கார்டும் ஓடும், ஆனால் ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் விளையாட வேண்டும். இந்தப் பட்டியலில் எங்களுக்குப் பிடித்தது ஆர்எக்ஸ் 9070. 220 வாட்டில் 16 ஜிபி விஆர்ஏஎம் (கார்டின் சொந்த நினைவகம்) தருகிறது. இரண்டரை ஸ்லாட் தடிமனுக்குள் வரும் மாடலாகத் தேடி எடுங்கள். 5060 டிஐ வாங்குவதாக இருந்தால் 16 ஜிபி வகை மட்டும். 8 ஜிபி வகைக்கு இன்றைய விளையாட்டுகளே இடம் போதாமல் திக்கும்.

மதர்போர்டும் எஸ்எஸ்டியும்

ஐடிஎக்ஸ் போர்டுக்கு அதே சிப்செட் உள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டைவிடக் கணிசமாகக் கூடுதல் விலை. அதைத் தவிர்க்க முடியாது. பி650 சிப்செட் போதும். எக்ஸ்670இ எதற்கும் வேண்டியதில்லை. ஜிகாபைட் பி650ஐ ஆரஸ் அல்ட்ராவில் எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி செருகும் இடம்) மூன்று இருக்கிறது, எம்எஸ்ஐ பி650ஐ எட்ஜில் இரண்டு. வாங்கும் முன் போர்டின் பின்புறம் எத்தனை ஸ்லாட் என்று பாருங்கள். பின்புற ஸ்லாட்டுக்குக் காற்றே போகாது, எனவே சூடாகும் ஜென் 5 எஸ்எஸ்டியை அங்கே வைக்காதீர்கள். விளையாட்டுக்கு ஜென் 4 தாராளம்: டபிள்யூடி எஸ்என்850எக்ஸ் அல்லது சாம்சங் 990 ப்ரோ, 2 டிபி, முன்புற ஸ்லாட்டில் போர்டோடு வரும் ஹீட்சிங்குக்கு அடியில். ஹீட்சிங்கின் பேடில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள்.

மேசையில் இடம் இருக்கிறது, சின்னதாக இருந்தாலே போதும் என்பவர்கள் ஆசுஸ் பிரைம் ஏபி201 பக்கம் பார்க்கலாம். 33 லிட்டர். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, சாதா ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் இரண்டும் பொருந்தும். போர்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் மிச்சமாகும் தொகையை கார்டில் போட்டால் ஒரு படி மேலே போகலாம். 18 லிட்டர் உங்களுக்கு நிஜமாகவே வேண்டுமா என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்து யோசியுங்கள்.

காற்றோட்டமும் கட்டும் வரிசையும்

கீழே இரண்டு 120 மி.மீ. ஃபேன் உள்ளிழுக்க, மேலே இரண்டு வெளித்தள்ள. இதுதான் இந்த கேபினட்டுக்கு ஒத்துவரும் அமைப்பு. சூடான காற்று போகிற திசையும் அதுவே, கார்டுக்கும் நேராகக் குளிர்ந்த காற்று கிடைக்கும். கார்டு இரண்டு ஸ்லாட் என்றால் கீழே 25 மி.மீ. தடிமன் உள்ள சாதா ஃபேன் போடலாம். அதைவிடத் தடித்த கார்டுக்கு ஆர்க்டிக் பி12 ஸ்லிம் போன்ற 15 மி.மீ. வகைதான். கீழ் ஃபேனின் ஒயரை ஓரமாக இழுத்து டேக் போட்டுக் கட்டுங்கள். அது கார்டின் ஃபேனில் உரசும் 'டர்ர்' சத்தத்தை பேரிங் பழுது என்று நினைத்துவிடுவார்கள்.

கட்டும் வரிசையில் ஒன்று மட்டும் மாறக் கூடாது. பிராசஸர், ரேம், முன்புற எஸ்எஸ்டி, கூலரின் பிராக்கெட் எல்லாவற்றையும் வெளியே மேசையிலேயே போர்டில் மாட்டுங்கள். போர்டை கேபினட்டில் இறக்கியதும், பெரிய கூலரை உட்கார வைப்பதற்கு முன்பே, மேல் மூலையில் உள்ள 8 பின் பிராசஸர் மின் கேபிளைச் செருகிவிடுங்கள். கூலர் உட்கார்ந்த பிறகு அந்த மூலைக்கு விரல் போகாது. முன்பக்க யுஎஸ்பிக்கான தடித்த 19 பின் கேபிளையும் அப்போதே நேராகப் பிடித்துச் செருகுங்கள். சாய்த்து அழுத்தினால் போர்டில் உள்ள பின் வளையும், அதை நிமிர்த்த முயன்றால் உடையும். கார்டு கடைசியில்.

முதல்முறை ஆன் செய்ததும் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. பதறி அணைக்காதீர்கள். ஏஎம்5 போர்டு முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். 10 நிமிடம் வரை பொறுங்கள். அதற்குப் பிறகு பயாஸை அப்டேட் செய்வதுதான் முதல் வேலை. 2023-இல் எக்ஸ்3டி பிராசஸர்கள் சில கருகியபோது, எஸ்ஓசி (பிராசஸருக்குள் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி) மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தி ஏஎம்டி புதிய பயாஸ் கொடுத்தது. வெகுநாள் கடையில் தூங்கிய போர்டில் பழைய பயாஸே இருக்கக்கூடும். எக்ஸ்போவை இயக்குவது இந்த அப்டேட்டுக்குப் பிறகுதான்.

அடுத்து பயாஸில் கர்வ் ஆப்டிமைசரை (பிராசஸரின் மின்னழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு) எல்லா கோருக்கும் மைனஸ் 15-இல் தொடங்கி, கோர்சைக்ளர் என்ற சோதனை மென்பொருளில் ஓர் இரவு ஓடவிட்டுப் பார்த்து, பிழை வராவிட்டால் மைனஸ் 20-க்குப் போங்கள். கார்டின் பவர் லிமிட்டை 85 சதவீதத்துக்கு இறக்குங்கள். கார்டு விடும் அளவு இவ்வளவு தாழாவிட்டால், அது அனுமதிக்கும் குறைந்தபட்சத்தில் வையுங்கள். ஃபிரேம் சில சதவீதம்தான் குறையும், சூடும் சத்தமும் கண்கூடாக இறங்கும். சின்ன கேபினட்டில் காசு செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய பலன் இதுதான்.

யுபிஎஸ், எர்த்

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் 600 விஏ யுபிஎஸ் இதற்குப் போதாது. அதன் நிஜத் திறன் 360 வாட் அளவுதான். 250 வாட் கார்டு, 70 வாட் பிராசஸர், போர்டும் ரேமும் ஃபேனும் சேர்ந்து 50, எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவது, மானிட்டர் எல்லாம் கூட்டினால் 430-ஐத் தொடும். கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் கத்திவிட்டு அணையும். 1,100 விஏ, 660 வாட் வகை எடுங்கள். பெட்டியில் விஏ-வை மட்டும் பெரிதாகப் போட்டிருப்பார்கள், வாட் எண்ணைத் தேடிப் படியுங்கள்.

பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் ஏறியிருக்கட்டும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் இந்திய வாரண்டியோடு வந்தவையா என்று அந்தந்த பிராண்டின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டுப் பார்த்த பிறகே பெட்டியின் சீலை உடையுங்கள்.

பிசி ஓடும்போது இரும்புச் சட்டத்தைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுக்கிறதா? எஸ்எம்பிஎஸ் பழுது என்று உடனே கழற்றாதீர்கள். எல்லா எஸ்எம்பிஎஸ்ஸிலும் மின் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் மிகச் சிறிய அளவு மின்சாரத்தை உடல் பகுதிக்கு விடும். அது எர்த் வழியாக இறங்கிப் போக வேண்டும். பிளக் பாயின்டில் எர்த் வேலை செய்யாவிட்டால் சட்டத்திலேயே தேங்கும். அந்தப் பாயின்டில் பிசியை ஓட்டாமல், எலக்ட்ரீஷியனை அழைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். 230 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் எர்த் இருக்கிறது. வெகுவாகக் குறைந்து காட்டினால் சரிசெய்ய வேண்டியது வயரிங்கை.